குறைவாக ஓடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

ஓடோமீட்டரில் 41,000 கிலோமீட்டர். 1994 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5. பெயிண்ட் மங்கவில்லை, சீட்டில் சுருக்கம் இல்லை. முந்தைய உரிமையாளர் வருடத்துக்கு நான்கைந்து முறைதான் வெளியே எடுத்திருக்கிறார். வாங்கிய அன்று எனக்கிருந்த சந்தோஷம் சொல்லி மாளாது. அடுத்த மூன்று மாதத்தில் அதில் நான் மாற்றியவை: கிளட்ச்சின் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்கள் (பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் ஜோடி), நான்கு டயர், நான்கு பிரேக் ஹோஸ், ரேடியேட்டர், டைமிங் பெல்ட், பேட்டரி, விரல் மோதிரம் அளவில் ஒரு ரப்பர் வளையம். இவற்றில் ஒன்றுகூட ஓடித் தேய்ந்ததில்லை. எல்லாம் நின்றே போனவை.

பிஸ்டன் ரிங், பேரிங், கியர் எல்லாம் கிலோமீட்டர் கணக்கில் தேயும். ரப்பர், பிளாஸ்டிக், ஆயில், பெட்ரோல், பிரேக் ஆயில் எல்லாம் வருடக் கணக்கில் கெடும். குறைவாக ஓடிய வண்டியில் முதல் வகை புதுசு போல இருக்கும். இரண்டாவது வகைக்கு வண்டியின் வயதுதான் வயது. அதனால் இப்படிப்பட்ட வண்டியில் எந்த அறிகுறி வந்தாலும் "என்ன தேய்ந்தது" என்று தேடாதீர்கள். "எது காய்ந்தது, எது துருப்பிடித்தது, எது ஒட்டிக்கொண்டது" என்று தேடுங்கள். பாதி நேரம் மிச்சமாகும்.

சாவியைத் திருப்பும் முன்

பல மாதம் நின்ற எஞ்சினை நேராக ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சிலிண்டர் சுவரிலும் கேம்ஷாஃப்டிலும் இருந்த ஆயில் முழுக்க வடிந்து கீழே போயிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விடுங்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் சரி. எங்காவது இறுகினால் நிறுத்திவிடுங்கள், பலம் போடாதீர்கள். அடுத்து பெட்ரோல் பம்பின் ஃபியூஸையும் இக்னிஷன் இணைப்பையும் எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடி போதும், நடுவில் மோட்டாரை ஆறவிடுங்கள். ஆயில் பிரஷர் முள் எழும்பும் வரை இதைச் செய்தால், முதல் வெடிப்பு நடக்கும்போது பேரிங்கில் ஆயில் இருக்கும். முள்ளை நம்பும் முன் ஒரு விஷயம்: எம்எக்ஸ்-5இல் 1995 மாடல் முதல் அந்த முள் உண்மையான அழுத்தத்தைக் காட்டாது, "இருக்கிறது", "இல்லை" என்ற இரண்டை மட்டும்தான் சொல்லும்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். எலி கூடு கட்டியிருந்தால் பஞ்சு, விதை, கடித்த வயர் எல்லாம் அங்கேதான் முதலில் தெரியும். சைலன்சர் குழாயின் வாயையும் பாருங்கள்.

செல்ஃப் "டிக்" என்கிறது, எஞ்சின் சுற்றவில்லை

மல்டிமீட்டரை எடுங்கள். வண்டியை ஒரு ராத்திரி சும்மா விட்டு அளந்தால், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் சார்ஜ். 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. நீண்ட நாள் காலியாகவே கிடந்த பேட்டரியில் தகடுகளின் மேல் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் சார்ஜ் ஏற்றினாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும். அதை மாற்றுவதுதான் வழி. பேட்டரி டிக்கியில் இருக்கும் வண்டி என்றால், வாயு வெளியேறும் குழாய் உள்ள வகையையோ, சரியான சீல் செய்த வகையையோதான் வைக்க வேண்டும். சாதாரணப் பேட்டரியிலிருந்து வரும் ஆவி டிக்கி உலோகத்தை அரித்துவிடும்.

பேட்டரி நன்றாக இருந்தும் இதே சத்தம் வந்தால் எர்த் கேபிளைச் சந்தேகியுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை எஞ்சின் உலோகத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் எங்கோ துரு இருக்கிறது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் போட்டாலே பல வண்டிகள் உடனே சுற்றிவிடும்.

எஞ்சின் சுற்றுகிறது, பற்றவில்லை

முதலில் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புதுப் பெட்ரோலின் கார வாசனை வேறு. பழசாகிப் போன பெட்ரோலில் வார்னிஷ் போல ஒரு புளித்த வாசனை வரும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில், பம்ப் உறிஞ்சும் இடத்தில் போய் நிற்கும். அதில் புதுப் பெட்ரோலை ஊற்றிக் கலந்து சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். முழுக்க வடித்துவிட்டு, பம்பின் வலை ஃபில்டரையும் வெளி ஃபில்டரையும் மாற்றுங்கள்.

பிறகு பம்ப் ஓடுகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் சாவியை ஆன் செய்ததும் பின்பக்கம் இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வரும். ஆனால் காற்றின் அளவை ஒரு மடிப்புக் கதவால் அளக்கும் பழைய அமைப்புகள் பலவற்றில், எஞ்சின் காற்றை இழுத்தால்தான் பம்ப் ஓடும். அவற்றில் சத்தம் வரவில்லை என்பதாலேயே பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

சூடாக இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் ஆகாமல், ஆறியதும் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால் ரிலேயைப் பாருங்கள். 1980கள், 1990களின் ஹோண்டா வண்டிகளில் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் தரும் மெயின் ரிலே இதற்குப் பேர் போனது. அதன் உள்ளே ஈயப் பற்றில் மயிரிழை அளவு விரிசல் விடும். உஷ்ணத்தில் விரிந்து தொடர்பு அறுந்துபோகும், குளிர்ந்ததும் சேர்ந்துகொள்ளும். திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஊசிக்காலைச் சுற்றி ஒரு கருத்த வளையம் தெரியும். மறுபடி ஈயம் பற்றவைத்தால் சரியாகிவிடும்.

எஞ்சின் கம்ப்யூட்டரும் வயதாகும். 1990களின் மிட்சுபிஷி ஸ்போர்ட்ஸ் கார்களில் அந்தப் பலகையிலுள்ள மின்தேக்கிகள் கசிந்து, கீழே இருக்கும் செம்புப் பாதையை அரிப்பது தெரிந்த கதை. பெட்டியைத் திறந்ததும் மீன் வாடை அடித்தால் அதுதான்.

ஐடிலிங் ஏறி இறங்குகிறது, சில நேரம் அணைகிறது

காய்ந்த வேக்கம் ஹோஸ். பத்தில் எட்டு வண்டியில் நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஒவ்வொரு ஹோஸையும் விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, பிளாஸ்டிக் போல விறைத்திருந்தாலோ மாற்றுங்கள். டர்போவும் ரோட்டரி எஞ்சினும் சேர்ந்த மூன்றாம் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7 போன்ற வண்டியில் இந்த ஹோஸ்கள் கணக்கில்லாமல் ஓடும். அங்கே ஒன்றொன்றாகத் தேடுவதை விட மொத்தமாக மாற்றிவிடுவதே நிம்மதி. கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு, இன்டேக்கில் புகை செலுத்திப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அதைச் செய்து தரும் மெக்கானிக்கிடம் ஒரு தடவை கொண்டுபோவது, ஊகித்து ஊகித்து சென்சார் மாற்றுவதை விட எவ்வளவோ மேல்.

ஹோஸ் சரியாக இருந்தால் த்ராட்டில் பாடியையும் ஐடில் வால்வையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே கரி பிசினாக ஒட்டியிருக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் அடித்தால், அதன் இக்னிஷன் காயிலையோ இன்ஜெக்டரையோ பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங் கூடவே நகர்ந்தால் குற்றவாளி கையில் கிடைத்துவிட்டது.

மேலே டிக் டிக் சத்தம், பின்னால் புகை

ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்யும் பாகம்) உள்ள எஞ்சினில், நாள்பட நின்ற பிறகு வரும் டிக் டிக் சத்தம் பெரும்பாலும் லிஃப்டருக்குள் ஆயில் வடிந்து காற்று புகுந்ததால் வருவது. புது ஆயில் ஊற்றி இரண்டு மூன்று தடவை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டினால் அடங்கிவிடும். ஹோண்டா எஸ்2000 போன்ற எஞ்சினில் லிஃப்டர் கிடையாது, வால்வு இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டும். அங்கே சத்தம் தானாக அடங்கட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் காய்ந்திருக்கிறது. ஓட்டும்போது தொடர்ந்து வந்தால் ரிங் ஒட்டியிருக்கலாம். அப்போதும் உடனே எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். சில நூறு கிலோமீட்டர் நன்றாகச் சூடாக்கி ஓட்டிவிட்டுக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒட்டிய ரிங் விடுபட்டு எண் ஏறுவது உண்டு.

பெட்ரோல் வாசனை

ஸ்டார்ட் செய்யாதீர்கள். எங்கிருந்து என்று தெரியும் வரை ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீர்கள். இன்ஜெக்டரின் ரப்பர் வளையம், எஞ்சின் பக்க ஹோஸ், டேங்க் மேலுள்ள ஹோஸ், மூடியிலிருந்து டேங்குக்கு இறங்கும் குழாய் என்று வரிசையாகப் பாருங்கள். பழைய ஹோஸ் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டதல்ல, உள்ளிருந்து இளகிப் பிசுபிசுத்துப் போகும். மாற்றும்போது இன்ஜெக்ஷன் அழுத்தம் தாங்கும் ஹோஸையே கேட்டு வாங்குங்கள். டேங்குக்கு உள்ளே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு அதற்கென்றே தனி ஹோஸ் இருக்கிறது. வெளியில் போடும் ஹோஸை உள்ளே போட்டால் வெளிப்பூச்சு கரைந்து பம்பை அடைத்துவிடும்.

கிளட்ச் பெடல் தரையில் கிடக்கிறது, அல்லது கியர் விழவில்லை

இரண்டும் வெவ்வேறு நோய். பெடலில் எதிர்ப்பே இல்லாமல் கீழே போனால் ஹைட்ராலிக் பகுதியில் கோளாறு. என் வண்டியில் நடந்தது இது. முதல் வாரம் நன்றாக இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு காலை, பெடலைக் கால் பெருவிரலால் தூக்கிவிட வேண்டியிருந்தது. வண்டியின் அடியில் படுத்து, ஸ்லேவ் சிலிண்டரின் முனையில் இருக்கும் ரப்பர் உறையை நகத்தால் நெம்பினேன். டிகாஷன் நிறத்தில் பிரேக் ஆயில் முழங்கை வரை வழிந்தது. சிலிண்டரைப் பிரித்துப் பார்த்தபோது, பிஸ்டன் வழக்கமாக நகர்ந்த ஒரு சின்னப் பட்டை மட்டும் வழவழப்பாக இருந்தது. அதற்கு அப்பால் முழுக்கத் துருப்புள்ளி. பெடலை அடிக்கடி மிதிக்கத் தொடங்கியதும் சீல் அந்தப் புள்ளிகளின் மேல் ஏறிக் கிழிந்திருக்கிறது. சீல் மட்டும் மாற்றினால் அது மறுபடி அதே புள்ளியில்தான் கிழியும். சிலிண்டரையே மாற்றினேன், கூடவே மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டரையும். ஒன்று போனால் இன்னொன்று அதிக நாள் தாங்குவதில்லை.

பெடல் வழக்கம் போல இருந்தும் எஞ்சின் ஓடும்போது கியர் விழாமல் கரகரத்தால், கிளட்ச் தகடு ஃப்ளைவீலில் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. எஞ்சினைச் சூடாக்கி அணையுங்கள். முன்னால் திறந்த இடம் இருக்கும்படி வண்டியை நிறுத்தி, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி குலுங்கிக்கொண்டு நகரும். பிரேக்கை லேசாகத் தட்டித் தட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் "டக்" என்று விட்டுவிடும். பிரேக் வேலை செய்கிறது என்று உறுதியான பிறகுதான் இதில் இறங்க வேண்டும்.

பிரேக்: பெடல் பஞ்சு மாதிரி, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, ஒரு சக்கரம் கொதிக்கிறது

வண்டி ஓடாமல் போனால் நிற்கும், அவ்வளவுதான். நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இந்தப் பகுதியை அவசரமில்லாமல் செய்யுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். வேகமாக ஓட்டிப் பலமுறை பிரேக் பிடித்தால், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அழுந்தும், பெடல் உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது அதனால்தான். சிலிக்கான் வகையான டாட் 5ஐ மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4இன் குடும்பம். எண்ணைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

பழைய ஆயிலை வெளியேற்றும்போது பலரும் செய்யும் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். உதவிக்கு ஒருவரை உட்காரவைத்து "நல்லா தரை வரைக்கும் மிதி" என்பார்கள். நான் மேலே சொன்ன ஸ்லேவ் சிலிண்டர் கதைதான் இங்கேயும். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் இத்தனை வருடம் பாதி தூரத்துக்கு மேல் போனதில்லை. அதற்கு அப்பால் உள்ள துருவில் சீலைத் தேய்த்தால் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள். அழுத்தக் கருவி இருந்தால் அதுவே நல்லது. பிளீடிங் முடித்த பிறகும், பெடலை நிலையாக மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால், வெளியில் கசிவும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டது.

இழுப்பதும் கொதிப்பதும் பெரும்பாலும் ஒரே காரணம்: பிரேக் பிடித்த சக்கரம் திரும்ப விடவில்லை. என் வண்டியில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு ரிம்மையும் தொட்டுப் பார்த்தேன். மூன்று வெதுவெதுப்பு. முன் இடதில் கை வைக்க முடியவில்லை. காலிப்பர் இறுகிவிட்டது என்று நினைத்துப் புதியது வாங்கக் கிளம்பும் முன், ஜாக்கில் தூக்கி ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்தி இந்தச் சோதனையைச் செய்தேன். ஒருவரை பெடலை மிதித்து விடச் சொல்லுங்கள். சக்கரம் சுற்ற மறுக்கிறது. இப்போது காலிப்பரின் பிளீடர் நிப்பிளைக் கால் சுற்று திறந்துவிடுங்கள். ஆயில் "ப்ஸ்ஸ்" என்று பீய்ச்சி சக்கரம் விடுபட்டால் காலிப்பரின் மேல் பழியில்லை, அழுத்தம்தான் மாட்டியிருக்கிறது. திறந்தும் விடவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டனோ, அது நகரும் பின்களோ இறுகியிருக்கின்றன. அழுத்தம் மாட்டியிருந்தால் அடுத்த கேள்வி, எங்கே? மறுபடி மிதித்துப் பூட்டிவிட்டு, இந்த முறை ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் மேல் இணைப்பைத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் கோளாறு அதற்கும் மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடவில்லை என்றால் ஹோஸ்.

என்னுடையது ஹோஸ். வெளியில் ஒரு வெடிப்பு கிடையாது. நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். உள்ளே ரப்பர் உப்பி, குண்டூசி நுழையும் அளவுக்குத்தான் துளை இருந்தது. கால் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வரப் பலமில்லை. ஒரு ஹோஸ் அப்படி என்றால் மற்ற மூன்றும் அதே வயதுதான். நான்கையும் மாற்றினேன்.

டிஸ்க்கின் மேல் செம்பழுப்புத் துருப்படலம் இருந்தால் பத்துப் பதினைந்து முறை மிதமாகப் பிரேக் பிடித்ததும் போய்விடும். பேட் நின்றிருந்த இடத்தில் மட்டும் குழி விழுந்திருந்தால் போகாது, பெடல் துடிக்கும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். இனிமேல் வண்டியை நிறுத்தும்போது சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் விட்டுவிடுங்கள்.

ஸ்டியரிங் நடுங்குகிறது

டயரின் பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 3105 என்றால் 2005ஆம் வருடத்தின் 31ஆவது வாரம். மூன்றே எண் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், அதில் ஏறவே ஏறாதீர்கள். என் வண்டியில் டயரின் பட்டன் தேயாமல் முழுசாக இருந்தது, எண் பதினான்கு வருடப் பழசைச் சொன்னது. ஆறு வருடம் தாண்டினால் வருடா வருடம் கூர்ந்து பாருங்கள். பத்து ஆகிவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றுங்கள். காய்ந்த ரப்பர் வறண்ட ரோட்டில் நல்ல பிள்ளையாக இருக்கும், முதல் மழையில் கைவிட்டுவிடும்.

டயர் புதிதாக இருந்தும், நின்ற இடத்தில் தட்டையாகியிருந்தால் முதல் இருபது கிலோமீட்டரில் சூடேறி நடுக்கம் குறையும். குறையவில்லை என்றால் பேலன்சிங். பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க். நடுக்கத்தோடு ஒரு "ஹூம்" சத்தமும் வந்து, வண்டி வளையும்போது அது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். பள்ளத்தில் "தொப்" என்று விழுந்து ஆடினால் ஷாக் அப்சார்பரும் புஷ்களும்.

சூடு முள் ஏறுகிறது

எப்போது ஏறுகிறது என்பதிலேயே பதில் இருக்கிறது. நெரிசலில் நின்றால் மட்டும் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன், அதன் ரிலே, அல்லது அதை இயக்கும் சுவிட்ச். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் அடைத்த ரேடியேட்டர், முழுக்கத் திறக்காத தெர்மோஸ்டாட், அல்லது வாட்டர் பம்ப். முள் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஆடினால் உள்ளே ஏர் லாக். முள் மேலே நிற்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் கூலண்ட் மிகக் குறைவு, உடனே ஓரம் கட்டி அணையுங்கள்.

பழைய ரேடியேட்டரின் மேல் பகுதி பிளாஸ்டிக். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் அது புதிதில் கன்னங்கருப்பு. வயதாக ஆகப் பச்சை கலந்த பழுப்புக்கு மாறும். அந்த நிறம் வந்துவிட்டால் வெடிப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று அர்த்தம். வெடிக்கும் வரை காத்திருந்தால், அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து செலவு எங்கோ போய்விடும். நான் நிறத்தைப் பார்த்த அன்றே மாற்றினேன். போர்ஷே பாக்ஸ்டரில் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு ஓரத்தில் இருக்கும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இலைச் சருகு சேர்ந்து மட்கி அரிக்கும், பம்பரைக் கழற்றாமல் தெரியாது.

கூலண்ட் மாற்றும்போது வகையைக் கலக்காதீர்கள். வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய எஞ்சினில் மூடி திறந்தபடி தொடங்கிக் காற்றை வெளியேற்றுங்கள். டொயோட்டா எம்ஆர்2 போல எஞ்சின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னாலும் உள்ள வண்டியில் குழாய் நீளம் அதிகம், அதற்கென்று தனித்தனி காற்றுத் திருகுகள் இருக்கும். பொறுமை வேண்டும்.

கீழே ஆயில் சொட்டு

முதலில் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். பெரும்பாலான வால்வுகள் கலகல என்று ஒலிக்கும். அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயிலைத் தள்ளும். மலிவான அந்த வால்வை மாற்றாமல் சீலை மாற்றிப் பயனில்லை.

எங்கிருந்து வருகிறது என்று கீழே பார்த்து முடிவு செய்யாதீர்கள், மேலே பாருங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் யாரும் "ரியர் மெயின் சீல், கியர்பாக்ஸை இறக்கணும்" என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. கழுவித் துடைத்து, ஒரு நாள் ஓட்டி, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈரம் மேலே, சிலிண்டர் ஹெட்டின் பின்னால் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரில் தொடங்கியது. தொடக்கத்தில் சொன்ன மோதிரம் அளவு ரப்பர் வளையம் அதனுடையதுதான். கழற்றும்போது கண்ணாடி வளையல் போல மூன்று துண்டாக உடைந்தது.

ஆயில் மூடியின் அடியில் பால் கலந்தது போலப் பசை தெரிந்தால் பதறாதீர்கள். குறுகிய தூரம் மட்டுமே ஓடிய எஞ்சினில் ஈரம் இப்படிப் படியும், அரை மணி நேரம் ஓட்டினால் போய்விடும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்து கூலண்டும் குறைந்தால்தான் ஹெட் கேஸ்கட்டை யோசிக்க வேண்டும்.

இரண்டு நாள் நின்றால் பேட்டரி காலி, கால் மிதியில் ஈரம்

எல்லாக் கதவையும் மூடிப் பூட்டி, அரை மணி நேரம் கழித்து மின்சாரக் கசிவை அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதிகம் என்றால் ஒவ்வொரு ஃபியூஸின் இரு முனையிலும் மில்லிவோல்ட் பாருங்கள். எதில் காட்டுகிறதோ அந்தப் பாதை. டிக்கி விளக்கும் பின்னால் யாரோ சேர்த்த ஆடியோவும்தான் வழக்கமான ஆட்கள்.

மடக்கு மேற்கூரை வண்டியில் ஈரம் என்றால் கூரையின் மடிப்புக்குப் பின்னால் உள்ள வடிகால் துளைகள் அடைத்திருக்கும். மெல்லிய நைலான் குழாயை விட்டுத் துழாவுங்கள், கூர்மையான கம்பி வேண்டாம். பாக்ஸ்டரில் இம்மொபைலைசர் (திருட்டுத் தடுப்பு) பெட்டி சீட்டுக்கு அடியில் தரையில் இருக்கிறது. அங்கே தண்ணீர் தேங்கினால் வண்டி ஸ்டார்ட் ஆவதே நின்றுவிடும்.

ஏர்பேக் விளக்கு எரிந்தால் மல்டிமீட்டரை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சேசிஸ் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடம் திரும்பப் பெறும் அறிவிப்பு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். தகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகள் உஷ்ணத்திலும் ஈரத்திலும் வயதாகி ஆபத்தாகின்றன. விளக்கு எரியாத வண்டிக்கும் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

அறிகுறியே காட்டாத பழுது

டைமிங் பெல்ட், அதாவது கிராங்க்கையும் கேம்ஷாஃப்டையும் இணைக்கும் பட்டை. சத்தம் வராது, கசியாது, அறுந்துவிடும். "40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, 90,000க்குத்தானே மாத்தணும்" என்ற கணக்கு இங்கே செல்லாது. பெல்ட்டும் ரப்பர்தான். போர்ஷே 944 போன்ற எஞ்சினில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். அதில் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு இன்னொரு பெல்ட்டும் உண்டு, இரண்டின் இழுவிசையும் அளந்துதான் வைக்க வேண்டும். என் எம்எக்ஸ்-5இன் எஞ்சினில் மோதாது, ஆனாலும் நடுவழியில் நிற்க வேண்டியிருக்கும். பெல்ட் மாற்றிய ரசீதைக் கண்ணால் பார்க்காவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். திறந்ததோடு டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், கேம் மற்றும் கிராங்க் சீல்களையும் மாற்றிவிடுங்கள். வேலை ஒன்றுதான்.

1990களின் கடைசியிலும் 2000களிலும் வந்த போர்ஷே பாக்ஸ்டர், 996 வகை 911 என்றால், கிராங்க்கின் சுழற்சியைக் கேம்ஷாஃப்டுக்குக் கொண்டுபோகும் இடைநிலை ஷாஃப்டின் பேரிங் இன்னொரு கவலை. ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் ஃபில்டர் தாளை விரித்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மினுக்குத் தூள் தெரிந்தால் வண்டியை நிறுத்திவிட்டு அந்த எஞ்சின் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஓட்டத் தொடங்குவது

முதல் நாள் வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர். இறங்கி ரிம்மைத் தொடுங்கள், அடியில் பாருங்கள், மூடியைத் திறந்து முகருங்கள். மறுநாள் முப்பது. மூன்றாவது தடவை நூறு. ஒவ்வொரு தடவையும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் புதிது புதிதாக ஏதாவது கசியும், ஏதாவது சத்தம் வரும். மோசமான வண்டியை வாங்கிவிட்டோமோ என்று மனம் உடைய வேண்டாம். இத்தனை வருடம் அசையாமல் இருந்த ரப்பர் இப்போதுதான் சூடேறி ஆறி, அழுந்தி விடுபடுகிறது. நான் ஒரு சின்ன நோட்டில் தேதி, கிலோமீட்டர், என்ன பார்த்தேன் என்று எழுதி வந்தேன். முதல் மாதம் பக்கத்துக்குப் பக்கம் குறிப்பு. மூன்றாவது மாதம் ஒரு பக்கத்தில் இரண்டு வரி.

ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் எஞ்சின் ஆயிலை மறுபடி மாற்றுங்கள், நல்ல நிறத்தில் இருந்தாலும் கூட. வருடக்கணக்கில் அடியில் படிந்திருந்த கசடு அதில் வந்திருக்கும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயில்களையும் அதே நாளில் முடித்துவிடுங்கள். என் வண்டியில் டிஃபரன்ஷியலிலிருந்து வந்தது தார் போல இருந்தது. புதியதை ஊற்றி அன்று மாலை ஓட்டியபோது பின்னால் கேட்டுக்கொண்டிருந்த மெல்லிய ஊளைச் சத்தம் நின்றிருந்தது. அப்படி ஒரு சத்தம் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.